மண்வெட்டி ஏந்திய சமாதானம்: பியேர் செரெசோலின் தொண்டர் படை

முதல் உலகப் போருக்குப் பிந்தைய சமாதானத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் வெர்சாய் அரண்மனையில் தொடங்குவது வழக்கம். 1919-ல் அங்கே கையெழுத்தான உடன்படிக்கையைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு பிரான்சின் ஒரு சிற்றூரில் நடந்து, சில மாதங்களிலேயே தோல்வியில் முடிந்த ஒரு சிறு முயற்சியைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதியதில்லை. ஆயினும் அந்தத் தோல்வி நமக்குச் சொல்வது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஊரின் பெயர் எஸ்ன். வெர்டுன் நகருக்கு மேற்கே, போர் வரைபடங்களில் 304 என்று எண்ணிடப்பட்ட குன்றின் அருகே இருந்தது. 1916 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை நீடித்த வெர்டுன் போரில் இரு தரப்பிலுமாக ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். போர் ஓய்ந்தபோது எஸ்னில் ஊர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வயல்களெல்லாம் குண்டுப் பள்ளங்கள். திரும்பி வந்த சில குடும்பங்கள் இடிபாடுகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டிருந்தன.

1920 நவம்பரில் அங்கே ஒரு சிறு குழு வந்து இறங்கியது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் பியேர் செரெசோல் அதன் தலைவர். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயரும் உடன் இருந்தார். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். கூலி ஏதும் வாங்காமல் இடிபாடுகளை அகற்றுவது, தற்காலிக வீடுகள் கட்டுவது, பாதைகளைச் செப்பனிடுவது என்பதே அவர்களது திட்டம். 'சொல் வேண்டாம், செயல் போதும்' என்ற பொருள்படும் ஒரு வாசகம் பின்னாளில் அவர்களது இயக்கத்தின் அடையாளமாயிற்று.

செரெசோல் எளிய பின்னணியிலிருந்து வந்தவர் அல்லர். அவரது தந்தை போல் செரெசோல் 1873-ல் சுவிஸ் கூட்டாட்சியின் தலைவராக இருந்தவர். 1879-ல் பிறந்த பியேர், படைப்பணி செய்யாதவர்கள் செலுத்த வேண்டிய ராணுவ வரியை 1917-ல் கட்ட மறுத்துச் சிறை சென்றார். போர் முடிந்தபின் ஹாலந்தின் பில்தோவன் என்னும் ஊரில் கிறிஸ்தவ அமைதிவாதிகள் கூடிப் பேசினார்கள். பேச்சு நீண்டுகொண்டே போக, ஒரு ஜெர்மானியர் எழுந்து, தன் சகோதரன் போர்வீரனாகச் சென்று அழித்த மண்ணில் தான் சென்று கட்ட விரும்புவதாகக் கூறினார் என்று சொல்வார்கள். எஸ்னின் விதை அந்தச் சொல்தான்.

குளிர்காலம் முழுவதும் வேலை நடந்தது. ஆனால் 1921-ன் வசந்தத்தில் எதிர்ப்பு முற்றியது. ஜெர்மானியர்கள் அந்த மண்ணில் வேலை செய்வதை ஏற்க முடியாது என்ற நிலை உருவாயிற்று. ஜெர்மானியர்களை மட்டும் அனுப்பிவிட்டு எஞ்சியோர் வேலையைத் தொடர்ந்திருக்கலாம். செரெசோல் அதற்கு இசையவில்லை. குழு கலைந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். நற்பணியைத் தடுத்த குறுமதியாளர்கள் என்று எதிர்த்தவர்களைப் பழிப்பது எளிது, அது நியாயமாகாது. தன் மகன் புதைந்த வயலை, அவனைக் கொன்ற படையின் நாட்டிலிருந்து வந்தவன் சமன்படுத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர்களைத் தவிர வேறு யார் அறிவார்? இன்னா செய்தவருக்கும் நன்மை செய்துவிடச் சொல்கிறது குறள். அது துன்பப்பட்டவனை நோக்கிக் கூறப்பட்ட அறம். எஸ்னில் நிலைமை தலைகீழ். இன்னா செய்த தரப்பிலிருந்து ஒருவன் நன்மை செய்ய வந்து நிற்கிறான். துன்பப்பட்டவன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கொடுப்பதைவிடப் பெறுவது கடினமாகும் தருணம் இது. சமாதானத்தின் பாரம் எப்போதும் பெறுபவன் தோளிலேயே கூடுதலாக விழுகிறது.

செரெசோல் இதைப் புரிந்துகொண்டார் என்றே கருத வேண்டியிருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் அவரது முகாம்கள் போர் அழித்த ஊர்களை விட்டு, இயற்கை அழித்த ஊர்களை நாடின. 1924-ல் சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில் பனிச்சரிவின் இடிபாடுகளை அகற்றினார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் பியேரின் அண்ணன் எர்னெஸ்ட். அவர் சுவிஸ் ராணுவத்தில் கர்னல் என்பது இந்தக் கதையின் இனிய முரண்களில் ஒன்று. 1927 செப்டம்பரில் ரைன் நதி கரையை உடைத்து லீக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களை வண்டலாலும் சரளைக் கற்களாலும் மூடியது. மறு ஆண்டு பல நாடுகளிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் அங்கே திரண்டார்கள். வெள்ளத்துக்குத் தேசம் இல்லை. ஆகவே யார் மண்வெட்டியைப் பிடிக்கிறார் என்று கேட்க வேண்டிய அவசியமும் அங்கே எழவில்லை.

இந்தப் பாதை இந்தியாவுக்கும் வந்தது. 1931 டிசம்பரில் காந்தி, ரோமன் ரோலந்தைக் காண சுவிட்சர்லாந்து சென்றபோது செரெசோல் அவரைச் சந்தித்தார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் குலுக்கியது. முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் சிதைந்தன. பீகாரிலும் நேபாளத்திலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டு வயல்களை மூடின. சிறையிலிருந்து அப்போதுதான் விடுவிக்கப்பட்ட ராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணியின் தலைமையை ஏற்றார்.

அந்த நாட்களில் காந்தி அரிசன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்தார். இந்த நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று அவர் திருநெல்வேலியில் பேசியதும், தாகூர் அதைக் கடுமையாக மறுத்ததும் பலரும் அறிந்த விவாதம். பேரழிவின் காரணத்தைப் பற்றி இரு பெருமக்கள் விவாதித்த அதே ஆண்டில், செரெசோல் முதலில் தனியாக வந்து நிலைமையைப் பார்வையிட்டார். பின்னர் ஆங்கிலேயரும் சுவிஸ் நாட்டவரும் கொண்ட ஒரு சிறு குழுவுடன் திரும்பி வந்தார். 1937 வரை இந்தப் பணி தொடர்ந்தது. வெள்ளத்துக்கு இலக்காகிவிட்ட கிராமங்களை மேட்டு நிலத்துக்குப் பெயர்த்துப் புதிதாக அமைப்பதில் அவர்கள் ஈடுபட்டார்கள். அப்படி எழுந்த ஊர்களுள் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர்.

கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். ஐரோப்பாவிலிருந்து சிலர் கப்பலேறி வரும் செலவில் உள்ளூரில் எத்தனையோ கூலியாட்களை அமர்த்தியிருக்கலாமே? கேள்வி நியாயமானதே. அவர்கள் சுமந்த மண்ணை எடைபோட்டால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டமறுப்பு இயக்கத்தின் தழும்பு ஆறாத நேரம். அரசு அதிகாரிகளும் காங்கிரஸ் தொண்டர்களும் ஒருவரையொருவர் ஐயத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழு இரு சாராருடனும் இணைந்து வேலை செய்தது. அதோடு, ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவன் வெயிலில் கூடை சுமப்பதை அக்கிராமங்கள் கண்டன. மண்வேலை தாழ்ந்த சாதியாருக்குரியது என்று நினைத்திருந்தவர்களையும் அந்தக் காட்சி தொட்டிருக்கும். எஸ்னில் ஏற்கப்படாத கை பீகாரில் ஏற்கப்பட்டது.

இதனாலெல்லாம் அடுத்த போர் நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது செரெசோல் ஜெர்மன் எல்லையை அனுமதியின்றிக் கடந்தார். அதற்காகச் சிறைவாசமும் அனுபவித்தார். போர் முடிந்த ஆண்டாகிய 1945-ன் அக்டோபரில் அவர் காலமானார். படைப்பணிக்குப் பதிலாகக் குடிமைப் பணி செய்யும் உரிமைக்காக அவரும் நண்பர்களும் 1920-களில் சுவிஸ் அரசிடம் மன்றாடித் தோற்றிருந்தார்கள். அந்த உரிமை அங்கே 1996-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அவர் தொடங்கிய இயக்கம் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற பெயரில் இன்றும் பல நாடுகளில் முகாம்களை நடத்திவருகிறது.

எஸ்ன் ஊரின் குண்டுப் பள்ளங்கள் பிறகு யார் யாராலோ நிரப்பப்பட்டிருக்கும். அந்த ஜெர்மானியத் தொண்டர்கள் தங்கள் கையால் நிரப்ப முடியாமல் போன பள்ளம் ஒன்று உண்டு. அது மண்ணில் இல்லை. நம் காலத்திலும், நம் அண்டையிலும், போர் ஓய்ந்த மண்ணுக்கு உதவிப் பொருள்களை அனுப்பிவிட்டு நிம்மதியடைபவர்கள் நாம். அனுப்பியதை வாங்கிக்கொள்ள மறுபுறத்தில் ஒருவர் எதை விழுங்க வேண்டியிருந்தது என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், நம் கையிலுள்ள மண்வெட்டியை இன்னும் சற்றுப் பணிவோடு பிடிப்போம்.