இன்சுலினின் கண்டுபிடிப்பு: தனிமனித மேதையும் கூட்டுழைப்பும்

இலக்கிய வரலாற்றைப் புலவர் வரலாறாகவே எழுதும் மரபு நம்மிடையே நெடுங்காலம் நிலவிவந்தது. புலவரது பெயரும் ஊரும் பெற்ற பரிசிலும் கூறப்பட்டதும் வரலாறு முற்றுப்பெற்றதாகக் கொள்ளப்பட்டது. அவரைத் தோற்றுவித்த சமூக உறவுகள் யாவை என்னும் வினா எழுப்பப்படவில்லை. விஞ்ஞான வரலாற்றிலும் இதே நோக்குச் செல்வாக்குப் பெற்றிருப்பதை நாம் காண்கிறோம். கனடாவில் 1921ஆம், 1922ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த இன்சுலினின் கண்டுபிடிப்பு அதற்குத் தக்கதோர் உதாரணமாகும். பான்ரிங் என்னும் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஓரிரவில் பெற்ற எண்ணமே அம்மருந்தாக உருவெடுத்தது என்பது பரவலாக வழங்கும் கதை. அக்கதை எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பான்ரிங் பிறப்பதற்கு முன்னரே இவ்வரலாறு தொடங்கிவிட்டது. கணையம் எனவும் வழங்கும் சதையியினுள் தீவுகள்போற் சிதறிக்கிடக்கும் கலக்கூட்டங்களை 1869இல் பேர்லினில் மாணவராயிருந்த லாங்கர்கான்ஸ் விவரித்தார். அவற்றின் தொழில் யாதென அவர் அறிந்திலர். 1889இல் ஸ்ராஸ்பேர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் நாயொன்றின் சதையியை முற்றாக அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. பின்னர் சதையியின் ஒரு துண்டைத் தோலின் கீழ் ஒட்டவைத்தபோது நோய் தோன்றவில்லை. அத்துண்டை அகற்றியதும் நோய் தோன்றியது. குடலுடன் தொடர்பற்ற அத்துண்டு குருதியினூடாகவே உடலின் அனுசேபத்தை ஆளுகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. வினாவை எழுப்பியது சத்திரசிகிச்சையாளரின் கத்தி; விடையை அளிக்கும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. சதையியிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றனர். பேர்லினில் சூல்சர் 1908இல் தமது சாற்றை நோயாளருக்குச் செலுத்தினார். கடும் பக்கவிளைவுகள் தோன்றின. ருமேனியாவில் போலெஸ்கு நாய்களில் வெற்றிகண்டு, 1921இல் அதனை வெளியிட்டுமிருந்தார்.

இப்பின்னணியிலேயே பான்ரிங் வருகின்றார். 1920 ஒக்ரோபர் 31ஆம் நாளிரவு, சதையி பற்றிய ஆய்வுக்கட்டுரையொன்றைப் படித்த அவர், சதையிக் கானைக் கட்டிவிட்டால் சமிபாட்டு நொதியத்தைச் சுரக்கும் பகுதி நலிந்துபோகும், தீவுகள் எஞ்சும், அவற்றின் சுரப்பை அழியாது பெறலாம் எனக் குறித்துவைத்தார். ரொறன்ரோப் பல்கலைக்கழக உடற்றொழிலியற் பேராசிரியர் மக்லவுட் ஆய்வுகூடமும் நாய்களும் பெஸ்ற் என்னும் மாணவ உதவியாளரும் கிடைக்க வழிசெய்தார். 1921 மே 17இல் வேலை தொடங்கிற்று. அக்கோடையில் இருவரும் ஊதியமின்றி உழைத்தனர்.

ஈண்டு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. பான்ரிங்கின் அடிப்படைக் கருதுகோள் தவறானது. முழுச் சதையியில் நொதியம் செயலற்ற நிலையிலேயே உள்ளது; ஆதலின் கானைக் கட்டவேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1922 டிசம்பரிலேயே ரொபேட்ஸ் என்பார் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இதனைச் சுட்டிக்காட்டினார். ஆய்வாளரும் நடைமுறையில் அவ்வழியைக் கைவிட்டனர். 1921இன் இறுதியில் இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட மாடுகளின் சதையியை அற்ககோல் கொண்டு பிரித்தெடுக்கும் முறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர். எண்ணம் தவறாயிருந்தும் செயல் தொடர்ந்தது. செயலே எண்ணத்தைத் திருத்திற்று.

1922 ஜனவரி 11இல், ரொறன்ரோப் பொது வைத்தியசாலையில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்குப் பான்ரிங்கும் பெஸ்ற்றும் ஆக்கிய சாறு செலுத்தப்பட்டது. குருதிவெல்லம் 440இலிருந்து 320 மில்லிகிராமுக்கே இறங்கிற்று. ஊசியேற்றிய இடத்திற் கட்டி உண்டாயிற்று. மருந்து நிறுத்தப்பட்டது. ஜனவரி 23இல் மீண்டும் ஊசியேற்றியபோது 520இலிருந்து 120க்கு இறங்கிற்று. இவ்விரு நாட்களுக்கிடையே நிகழ்ந்தது யாது? டிசம்பரில் குழுவிற் சேர்ந்த உயிரிரசாயனவியலாளர் கொலிப், அற்ககோலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி, தேவையற்ற புரதங்கள் முன்னர் வீழ்படிய, மருந்துப்பொருள் பின்னர் வீழ்படியும் எல்லையைக் கண்டறிந்திருந்தார். வெகுசனக் கதையிற் பெரிதும் மறைந்துபோன பெயர் இவருடையது. 1923இல் நோபல் பரிசு பான்ரிங்குக்கும் மக்லவுட்டுக்கும் வழங்கப்பட்டது. பான்ரிங் தம் பங்குப் பணத்தைப் பெஸ்ற்றுடனும், மக்லவுட் கொலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். பரிசுக்குழு இருவரைக் கண்டது. பரிசுபெற்றோரே அதனை நால்வராக்கினர்.

நோயாளரும் இவ்வரலாற்றின் மாந்தரே. அதுவரை வைத்தியர் அறிந்த வழி, உணவைக் குறைத்துப் பட்டினியால் உயிரைச் சிறிது நீட்டுவதே. முதல் ஊசியைத் தன் உடலில் ஏற்ற லெனாட் இலவச விடுதியில் அனுமதிக்கப்பட்டிருந்த வறிய சிறுவன். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம், மருந்து கிடைத்தற்கரியதாயிருந்த வேளையில், அமெரிக்க இராசாங்கச் செயலாளரின் மகள் எலிசபெத் ஹியூஸ் பான்ரிங்கின் தனிப்பட்ட நோயாளியாக வந்து சேர்ந்தாள். இருவரும் பிழைத்தனர்; லெனாட் 1935 வரையும் எலிசபெத் 1981 வரையும் வாழ்ந்தனர். இதில் எவரது தீயெண்ணத்தையும் தேடவேண்டியதில்லை. ஆயினும் பரிசோதனையின் இடர் எவ்வர்க்கத்தின் உடலில் ஏறிற்று, அருமருந்து எவ்வர்க்கத்தின் கைக்கு எட்டிற்று என்பதை வரலாற்றாசிரியன் கேட்டேயாகவேண்டும்.

மருந்தைப் பெருமளவில் ஆக்க முயன்றபோது ரொறன்ரோ ஆய்வுகூடம் தடுமாறிற்று. 1922 வசந்தகாலத்திற் சில வாரங்கள் உற்பத்தியே தடைப்பட்டது. மே மாதம் ஈலை லில்லி நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. 1923 ஜனவரியில் பான்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகிய மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர். எவரும் ஏகபோகம் கொள்ளலாகாது என்பதே அதன் உட்கிடை. இங்குதான் முரண்பாடு கூர்மை பெறுகின்றது. இன்று உலக இன்சுலின் சந்தையின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களின் கையில் உள்ளது. 1996இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஹியூமலொக் என்னும் மாற்றியமைக்கப்பட்ட இன்சுலினின் ஒரு குப்பி ஏறத்தாழ 21 டொலருக்கு விற்கப்பட்டது. 2019 அளவில் அதன் பட்டியல் விலை ஏறத்தாழ 275 டொலர். எதிர்ப்பு வலுத்த பின்னரே, 2023இல், விலைக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. ஒரு டொலருக்குக் கொடுத்தோரின் நல்லெண்ணம் உண்மையானது. ஆயின் உற்பத்திச் சாதனங்கள் எவர் கையில் உள்ளனவோ அவரது நலனை மீறி அந்நல்லெண்ணம் தானே நிலைபெறவில்லை.

இவற்றைக் கூறுவதனால் பான்ரிங்கின் பெருமையைக் குறைப்பது எமது நோக்கமன்று. அவரது விடாமுயற்சியின்றி ரொறன்ரோவில் அவ்வேலை தொடங்கியிராது. ஆனால் தொடக்கம் வேறு, ஆக்கம் வேறு. இன்சுலினை மேதை ஒருவரின் கொடையாகக் காணும்போது, அதனைத் தன் உடைமையெனக் கூறும் நிறுவனத்தை மறுக்கும் நியாயம் நம் கையினின்றும் நழுவுகின்றது. பலரது உழைப்பின் விளைவாகக் காணும்போதோ, அதன்மீது பலருக்கும் உள்ள உரிமை தெளிவாகின்றது. வரலாற்றை எவ்வாறு எழுதுகிறோம் என்பது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று. மருந்துக்கடை வாயிலில் நிற்பவனின் வினாவும் அதுவே.