ஏழு வருஷப் பூட்டு

எங்கள் கழக்கூட்டம் கிளையில் லாக்கர் திறக்க ரெண்டு சாவி வேண்டும். ஒன்று வாடிக்கையாளரிடம், இன்னொன்று எங்களிடம். பி.காம் முடித்துவிட்டு வங்கிக்கு வந்த எனக்குப் பெட்டகம் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பொருளை உள்ளே வைத்துப் பூட்டியே காசு பார்க்கலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது வால்ட் டிஸ்னி கம்பெனி.

டிஸ்னி தன் பழைய கார்ட்டூன் படங்களைக் கேசட்டாகவும் டிவிடியாகவும் கொஞ்ச காலம் விற்கும். அப்புறம் ஒரு தேதி சொல்லி, இனி கடைக்கு அனுப்ப மாட்டோம், பெட்டகத்துக்குள் போகிறது என்று அறிவித்துவிடும். திரும்பி வர ஏழெட்டு வருஷம் ஆகலாம். அடுத்து எந்தப் படம், எந்த மாதம் வெளியே வரும் என்று கணக்குப் போடுவது ஒரு காலத்தில் உலகம் பூராவும் பலருக்குப் பொழுதுபோக்கு. அடியேனும் அதில் ஒருவன். கணக்குப் போட்டு மகளிடம் மூக்குடைபட்டவனும் கூட.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக் கொள்கிறேன். 1937-ல் 'ஸ்னோ ஒயிட்' எடுக்க ஏறக்குறைய 15 லட்சம் டாலர் ஆனது. கடன் கொடுத்தது பாங்க் ஆஃப் அமெரிக்கா. (அந்த லோன் ஃபைலில் கையெழுத்துப் போட்ட புண்ணியவான் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தாரோ!) படம் ஓடிவிட்டது. ஆனால் 1940-ல் வந்த 'பினோக்கியோ'வும் 'ஃபேண்டசியா'வும் கையைக் கடித்தன. உலகப் போரால் ஐரோப்பிய வசூல் போச்சு. 1944-ல் ஸ்னோ ஒயிட்டையே மறுபடி தியேட்டரில் ஓட்டினார்கள். படம் எடுத்த செலவெல்லாம் எப்போதோ கழிந்துவிட்டது, பிரிண்ட் செலவு மட்டும்தான். வந்ததில் பெரும்பகுதி லாபம். 1952, 1958, 1967, 1975, 1983 என்று அது தொடர்ந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை, படத்தைப் பார்த்திராத புதுக் குழந்தைகள் தயாராகிவிடுகிறார்கள் என்பதுதான் சூத்திரம்.

வீடியோ வந்ததும் பயந்தார்கள். வீட்டிலேயே கேசட் இருந்தால் தியேட்டருக்கு எவன் வருவான்? 1984 கடைசியில் 'ராபின் ஹூட்', 1985-ல் 'பினோக்கியோ' என்று தயங்கித் தயங்கி விட்டார்கள். பினோக்கியோவின் விலை 79.95 டாலர். வாடகைக் கடைக்காரன்தான் அந்த விலைக்கு வாங்குவான். விலையைக் குறைத்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் கைநீட்டி வாங்கினார்கள். 1995-ல் 'லயன் கிங்' கேசட் 3 கோடிக்கும் மேல் விற்றது. தியேட்டருக்கு வைத்திருந்த ஏழு வருஷச் சூத்திரம் அப்படியே கேசட்டுக்கு இடம் மாறியது.

2001 அக்டோபரில் 'பிளாட்டினம்' வரிசை ஆரம்பித்தது. முதலில் ஸ்னோ ஒயிட், 2002-ல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', 2003-ல் லயன் கிங், 2004-ல் 'அலாதீன்'. எல்லாமே அக்டோபர். 2005-லிருந்து பிப்ரவரி, மார்ச் பக்கமும் ஒன்று. இப்படித் தேதி தவறாமல் வந்தால் எங்களைப் போன்ற ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? நான் எக்ஸெல் ஷீட் ஒன்று போட்டு வைத்தேன்.

நியூஜெர்சியில் இருக்கும் மச்சான் அனுப்பிய அலாதீன் டிவிடி எங்களிடம் இருந்தது. அமெரிக்காவுக்கு மண்டலம் 1, இந்தியாவுக்கு மண்டலம் 5 என்பதால் நல்ல கம்பெனி பிளேயர் அதைப் பாடாது. சாலை பஜாரில் வாங்கிய பேர் தெரியாத பிளேயர் எல்லாவற்றையும் பாடியது. மகள் நாலு வயதில் ஆரம்பித்துத் தினம் ஒருமுறை போட்டாள். 2011-ல் அது கீறல் விழுந்து, கம்பளம் பறக்கும் இடத்தில் நின்றுவிட்டது. கடையில் கிடையாது, பெட்டகத்துக்குள் போய்விட்டது.

ஷீட்டைத் திறந்தேன். ஸ்னோ ஒயிட் 2001-க்குப் பிறகு 2009. பியூட்டி 2002, 2010. லயன் கிங் 2003, 2011. ஆக, எட்டு வருஷம். அலாதீன் 2004 என்றால் 2012 அக்டோபர்! "அடுத்த தீபாவளிக்கு வந்துடும்டா, அப்பா கணக்கு தப்பாது" என்றேன்.

2012 அக்டோபரில் வந்தது சிண்ட்ரெல்லா. 2013-ல் லிட்டில் மெர்மெய்ட். 2014-ல் ஸ்லீப்பிங் பியூட்டி. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் குழந்தை "எப்போ வரும்?" என்று கேட்டாள். மூன்றாம் வருஷம் கேட்கவில்லை. அவள் கேட்டதைவிட அதுதான் உறைத்தது.

2015 அக்டோபரில் அலாதீன் வந்தே விட்டது. டெக்னோபார்க்கில் அனிமேஷன் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவரிடம் புலம்பினேன். "சாரே, விற்பனைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணினால் எப்படி? பூட்டிய தேதியிலிருந்து எண்ணணும்" என்றார். அலாதீனைப் பெட்டகத்தில் வைத்தது 2008 ஜனவரி. அங்கிருந்து 2015 அக்டோபர், ஏழே முக்கால் வருஷம். ஸ்னோ ஒயிட் பூட்டியது 2002 ஜனவரி, வந்தது 2009 அக்டோபர், அதே ஏழே முக்கால். தலையில் அடித்துக் கொண்டேன். ஒரு டெபாசிட்டின் முதிர்வுத் தேதியை எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாத வங்கி ஆபீசர்! அதுவும் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. 'பாம்பி' 2005 மார்ச்சில் வந்து ஆறே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது.

மச்சான் புது டிஸ்க் அனுப்பினார். மகள் பாதி பார்த்துவிட்டு ஹோம்வொர்க் செய்யப் போனாள்.

அதே வாடிக்கையாளர்தான் இன்னொன்றும் கேட்டார். டிஸ்னிக்குக் கணக்குப் போடுகிறீர்களே, நம்ம ராமாயணத்துக்கு ஏன் போடவில்லை? யூகோ சாகோ என்ற ஜப்பானியரும் நம் ராம் மோகனும் சேர்ந்து எடுத்த 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'வைச் சொன்னார். 1993-ல் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டிய படம். 2000-களில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தபோது ஹாஸ்டல் டிவி முன்னால் நாங்களும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

எப்படிப் போடுவது? டிஸ்னி பூட்டியது, ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டியது. இந்தப் படத்துக்கு இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று எந்த முறையும் இல்லை. மோசர் பேர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று தமிழ்ப் படங்களைக் குவித்த காலத்தில், கடையில் நின்று இதைத் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. சாகோ 2012-ல் போய்விட்டார், ராம் மோகன் 2019-ல். அதே 2019 நவம்பரில் டிஸ்னி தன் பெட்டகத்தையே ஓடிடியில் திறந்துவிட்டது. என் எக்ஸெல் ஷீட்டுக்கும் வேலை போனது.

ராமாயணம் 4கே தரத்தில் 2024 அக்டோபர் 18 அன்று வரும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அக்டோபரா! சொன்னபடி வரவில்லை. 2025 ஜனவரி 24-ல் இந்தி, தெலுங்கு, ஆங்கிலத்தோடு தமிழிலும் வந்தது. குடியரசு தின விடுமுறைக்குத் திருமங்கலம் போயிருந்தோம். பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிறது என்று வீட்டில் திட்டினாலும் மகளை மதுரைக்குக் கூட்டிப் போனேன். அம்மாவும் வந்தார்.

இடைவேளையில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்தவள், "அப்பா, இதை எந்த வருஷம் வரும்னு சொல்லியிருந்தீங்க?" என்றாள்.

"இதுக்குச் சொல்லவே இல்லைம்மா."

"அதான் வந்துருச்சு" என்றாள்.