ஹவானாவுக்கு வாத்து வேட்டைக்குப் போவது எப்படி? ஒரு பட்டியலின் வரலாறு

ஹவானா என்றதும் கியூபா, சுருட்டு, காஸ்ட்ரோ என்று கிளம்பிவிடாதீர்கள் :-) இது வேறு ஹவானா. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இல்லினாய் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 3,000. சுற்றிலும் ஏரிகள், சதுப்பு நிலங்கள். வடக்கே குளிர் இறங்கியதும் கனடாப் பக்கமிருந்து தெற்கே கிளம்பும் காட்டு வாத்துகள் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி, இரை தின்று, இளைப்பாறிவிட்டுப் போகும். அவற்றைத் தேடி வேட்டைக்காரர்களும் நூறு வருடங்களுக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறார்கள்.

நமக்கு வேட்டை என்பது பழங்கதை. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் அதில் செய்த திருத்தமும் இந்தியாவில் வேட்டையின் கதவை அநேகமாக முழுதாக மூடிவிட்டன. அமெரிக்கர்கள் மூடவில்லை. வேட்டையையும் வைத்துக்கொண்டு வாத்தையும் காப்பாற்றப் பார்த்தார்கள். அது நடந்ததா? ஹவானாவுக்குக் கிளம்பும் ஒருவர் போடும் பயணப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

எப்போது போவது?

இன்றைக்கு இதற்கு ஒரே பதில்தான். இலையுதிர் காலத்தில், அரசு அறிவிக்கும் சீசன் நாட்களில். சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன் ஆரம்பித்து, மறையும்போது துப்பாக்கியை உறையில் போட்டுவிட வேண்டும்.

1880களில் இப்படி இல்லை. வாத்து வந்தால் சீசன், அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் தெற்கே போகும்போதும் சுட்டார்கள். வசந்த காலத்தில் முட்டையிட வடக்கே திரும்பும்போதும் சுட்டார்கள். வசந்தத்தில் ஒரு பெட்டை விழுந்தால் அந்த வருடத்துக் குஞ்சுகளும் சேர்ந்தே போயின என்று அர்த்தம்.

ஒரு மாநிலம் மட்டும் தடை போட்டுப் பயனில்லை. பறவை அடுத்த நாள் அடுத்த மாநிலத்தில் இருக்கும்! அதனால் 1916-ல் அமெரிக்கா, கனடாவுக்காக பிரிட்டனுடன் ஒப்பந்தம் போட்டது. அதை நடைமுறைப்படுத்த 1918-ல் வலசைப் பறவைகள் சட்டம் வந்தது. "எங்கள் மாநிலத்துப் பறவை எங்களுக்குத்தான் சொந்தம்" என்று மிசௌரி மாநிலம் வழக்குப் போட்டது. 1920-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

எத்தனை சுடலாம்?

அண்மைக் கால விதிப்படி ஒரு நாளைக்கு 6 வாத்து. அதில் மல்லார்ட் என்ற பச்சைத் தலை வாத்து 4 வரை, அந்த நான்கிலும் பெட்டை 2 வரைதான். இதில் ஒன்றைக்கூட விற்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விற்பதற்காகவேதான் சுட்டார்கள். சுட்ட வாத்துகளைப் பீப்பாயில் அடைத்து ரயிலில் ஏற்றினால் சிகாகோ ஓட்டல்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ரயில் வந்த பிறகு சந்தைக்கு எல்லையே இல்லாமல் போனது. 1900-ல் வந்த லேசி சட்டம், மாநில விதியை மீறிக் கொன்றதை வேறு மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்றது. 1918 சட்டம் விற்பனையையே நிறுத்தியது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். விற்பனை நின்றதால் அடிபட்டது யார்? கோடையில் மீன், குளிரில் வாத்து என்று ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள். அதே காலத்தில் நகரத்துப் பணக்காரர்கள் கிளப் ஆரம்பித்து, ஏரிகளை விலைக்கு வாங்கி, பொழுதுபோக்குக்காகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்த பிறகு அவர்கள் விளையாட்டு வீரர்கள், விற்றுப் பிழைத்தவன் குற்றவாளி! வாத்துக்கு அந்தச் சட்டம் அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கான விலையை எல்லோரும் சமமாகக் கொடுக்கவில்லை.

எங்கே உட்காருவது?

கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசு நிலத்தில் குலுக்கலில் இடம் கிடைக்க வேண்டும். ஏன் இந்தத் தட்டுப்பாடு?

1900 ஜனவரியில் சிகாகோ நகரம் ஒரு கால்வாயைத் திறந்தது. தன் கழிவு குடிநீர் ஏரியில் கலக்காமல் இருக்க, ஆற்றையே திருப்பி இல்லினாய் ஆற்றுப் பக்கம் விட்டது. பள்ளத்தாக்கில் நீர்மட்டம் உயர்ந்தது, கரையோர மரங்கள் மூழ்கிச் செத்தன, பின்னால் கழிவும் வந்து சேர்ந்தது. இன்னொரு பக்கம் கரை கட்டி, பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்து, ஆற்றுச் சமவெளியில் ஏறக்குறைய பாதியை விவசாய நிலமாக்கினார்கள். ஹவானாவுக்கு எதிர்க்கரையில் இருந்த தாம்சன் ஏரி 1920களின் தொடக்கத்தில் சோளக்காடாக மாறியது. வாத்து இறங்கத் தண்ணீர் வேண்டுமே! துப்பாக்கியைக் குறை சொல்லும் நாம் பம்பை மறந்துவிடுகிறோம்.

என்ன எடுத்துப் போவது?

முதலில், பிளாஸ்டிக்கில் செய்த பொய் வாத்துகள். முன்பு உயிருள்ள வாத்தையே கட்டிப்போட்டுக் கத்த வைப்பார்கள். நம் ஊர் வேடர்கள் 'பார்வை' என்று சொல்வது இதைத்தான். கூடவே தண்ணீரில் சோளத்தைக் கொட்டி வைப்பார்கள். 1930களில் கடும் வறட்சி வந்து வாத்துகள் வெகுவாகக் குறைந்தபோது, 1935-ல் இரண்டும் தடை செய்யப்பட்டன. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது என்ற விதியும் அப்போது வந்ததுதான்.

அடுத்தது எஃகுக் குண்டு. ஈயம் கூடாது. ஹவானாவில் 1894-லிருந்தே ஓர் ஆற்று ஆய்வு நிலையம் உண்டு. 1938-ல் அங்கே வந்த ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற ஆய்வாளர், தண்ணீரடியில் கிடக்கும் ஈயக் குண்டுகளை வாத்துகள் விழுங்கிச் சாவதை ஆராய்ந்தார். வட அமெரிக்க வாத்து இனங்களில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் இப்படிச் சாவதாக 1959-ல் மதிப்பிட்டார். நாடு முழுக்க ஈயத்தை நிறுத்தியது 1991-ல். நடுவில் 32 வருடங்கள்!

கடைசியாக ஒரு வாத்துத் தபால்தலை. 1934-ல் ஒரு டாலர், இன்று 25 டாலர். முதல் தபால்தலைக்குப் படம் வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட். 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வேட்டைக்காரரும் இதை வாங்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது.

பட்டியல் சொல்வது என்ன?

இதில் எந்த வரியும் யாரோ ஒருவரின் நல்ல மனதால் மட்டும் வந்ததில்லை. ஒவ்வொன்றும் ஓர் இழப்புக்குப் பிறகு, பெரும்பாலும் தாமதமாக வந்தது. ஆனாலும் வந்தது. ஹவானாவுக்குப் பக்கத்தில் சௌடாக்வா ஏரியை வயலாக்கும் முயற்சி தோற்றுப்போக, 1936-ல் அது சரணாலயம் ஆனது. தாம்சன் ஏரி இருந்த நிலத்தை 2000-ல் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு வாங்கி, 2007-ல் பம்புகளை நிறுத்தியது. மழையும் ஊற்றும் சேர்ந்து ஏரி தானாகவே திரும்பி வந்தது, வாத்துகளும் பின்னாலேயே வந்தன.

ஆக, வேட்டையைத் தடை செய்யாமலே வாத்தைக் காப்பாற்றலாம் என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒரு சாட்சி. ஆனால் சுடுவதைக் கட்டுப்படுத்தியது பாதி வேலைதான், தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தது மீதிப் பாதி. ஏரியை இழந்த நம் ஊர்களுக்கும் அந்த இரண்டாவது பாதி பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?