ஒரே பெட்டியில் மொத்தக் கணக்கு: சர்வர் சேமிப்பகம் வாங்குமுன் அறிய வேண்டியவை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒரு காலத்தில் கணக்கு என்றால் கிராணியாரின் மேசையில் இருந்த செக்ரோல் புத்தகம்தான். பெரட்டில் பெயர் கூப்பிட்டது, பாலின் எடை, மாதச் சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. இன்று பகாவ், ரந்தாவ், லாபு, லிங்கி என எந்தப் பக்கம் போனாலும் ரப்பரின் இடத்தைப் பெரும்பாலும் செம்பனை பிடித்துவிட்டது. செக்ரோல் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. லாரி எடை, தொழிலாளர் சம்பளம், உர இருப்பு, கண்காணிப்புக் கேமரா என ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் ஓடுகிறது.

முன்பு இவற்றுக்குத் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. இப்போது ஒரே சர்வரைப் பிரித்து, அதற்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறார்கள். அவற்றின் தரவு முழுவதும் பல டிஸ்க்குகள் அடுக்கிய ஒரே சேமிப்புப் பெட்டிக்குப் போகிறது. இதைத்தான் விற்பனையாளர்கள் ஸ்டோரேஜ் அர்ரே என்கிறார்கள். தோட்ட அலுவலகங்களோடு கூட்டுறவுச் சங்கங்கள், கிளினிக்குகள், கணக்காய்வு அலுவலகங்கள், நம்மவர் நடத்தும் சிறு தொழில்களும் இந்த வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன.

செலவு குறைகிறது, பராமரிப்பு எளிதாகிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெட்டி நின்றால் எல்லாம் நிற்கும். செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைத்தால்தான் எண்ணெயின் தரம் நிற்கும். தாமதமாக ஆக அமிலத்தன்மை ஏறும், விலை இறங்கும். எடைமேடைக் கணினி படுத்துவிட்டால் குலை ஏற்றிய லாரிகள் வாசலிலேயே காத்திருக்க வேண்டியதுதான். வருமான வரிச் சட்டப்படி வணிகப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். ஆகவே இத்தகைய பெட்டியைப் பயன்படுத்தியவர்கள் உலகெங்கும் பட்ட அனுபவங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

டிஸ்க் பழுதாகும், அது உறுதி

பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு போகாமல் காக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைப் பரவலாக்கியது. ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டின் இழப்பைத் தாங்கும்.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. 2024-இல் அதன் ஆண்டுப் பழுது விகிதம் 1.57 விழுக்காடு. குறைவாகத் தோன்றும் இந்த எண்ணை 12 டிஸ்க் உள்ள ஒரு பெட்டிக்குக் கணக்கிட்டால், ஓராண்டில் ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடு; ஐந்து ஆண்டுகளில் 60 விழுக்காட்டைத் தாண்டும். எனவே மாற்று டிஸ்க் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருப்பது அவசியம்.

டிஸ்க்கை மாற்றிய பிறகுதான் ஆபத்தான நேரம் தொடங்குகிறது. 20 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் சுமார் 28 மணி நேரம் ஆகும். பெட்டி வேலையில் இருந்துகொண்டே நிரப்பினால் அது பல நாள்களாக நீளும். அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் ரெய்டு 5-இல் தரவு போய்விடும். பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6 அல்லது இரட்டைப் பிரதி முறையை அனுபவசாலிகள் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் போகவும் கூடும். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டி வகைகளைப் பற்றி அவசர அறிவிப்பு விடுத்தது. அவை 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும்; உள்ளிருக்கும் மென்பொருளில் பிழை. ஒரே நாளில் இயக்கத் தொடங்கிய டிஸ்க்குகள் ஒன்றாகவே நின்றுவிடும் என்பதால் எந்த ரெய்டும் அங்கே உதவாது. உற்பத்தியாளர் தரும் மென்பொருள் புதுப்பிப்புகளை யார் கவனிப்பது என்பதை வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

2020-இல் இன்னொரு பாடம் கிடைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘ரெட்’ வகை டிஸ்க்குகள் சிலவற்றில், தடங்களை ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் முறை சொல்லாமல் பயன்படுத்தப்பட்டது தெரியவந்தது. ரெய்டில் பழுதான டிஸ்க்கை மாற்றி நிரப்பும்போது இவை மிகவும் மந்தமாகின. பிறகு அந்நிறுவனம் வழக்கமான முறையில் எழுதும் டிஸ்க்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று பிரித்தது. விலை குறைவு என்று எடுக்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

கொள்ளளவு வேறு, வேகம் வேறு

“20 டெராபைட் வாங்கினோம், ஆனால் எல்லாமே மெதுவாக இருக்கிறது” என்ற புகார் அடிக்கடி எழும். காரணம் எளிது. ஒரே ஒரு மென்பொருள் தொடர்ச்சியாக எழுதினால் சுழலும் டிஸ்க் நன்றாக ஓடும். பத்து மெய்நிகர் கணினிகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் எழுதவும் படிக்கவும் கேட்டால், டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும். ஓர் எடைமேடையில் பத்து லாரிகள் ஒரே நேரத்தில் ஏற முயல்வது போலத்தான்.

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஒரு டிஸ்க் நொடிக்குச் சுமார் நூறு சிதறிய கோரிக்கைகளைத்தான் தாங்கும். எஸ்எஸ்டி பல்லாயிரம் தாங்கும். காலையில் மின்சாரம் திரும்பியதும் எல்லா மெய்நிகர் கணினிகளும் ஒன்றாக எழும்போதுதான் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். சம்பளம், எடை போன்ற தரவுத்தளங்களை எஸ்எஸ்டியிலும், கேமராப் பதிவு, பழைய கோப்புகளைச் சுழலும் டிஸ்க்கிலும் வைப்பது செலவுக்கும் வேகத்துக்கும் ஏற்ற வழி.

ஆனால் மேசைக் கணினிக்கான மலிவு எஸ்எஸ்டி இங்கே நீடிக்காது. தொடர்ந்து எழுதும் வேலையில் அது விரைவில் தேயும். திடீரென மின்சாரம் போனால், எழுதிக்கொண்டிருந்ததைப் பாதுகாக்கும் மின்தேக்கியும் பெரும்பாலும் அதில் இருக்காது.

இடியும் மின்தடையும்

மலேசியா இடி மின்னல் மிகுந்த நாடு. யுபிஎஸ் இல்லாமல் சேமிப்புப் பெட்டியை இயக்கக் கூடாது. யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. அதன் பேட்டரி தீருமுன் மெய்நிகர் கணினிகளையும் பிறகு பெட்டியையும் வரிசையாகத் தானே நிறுத்தும்படி அமைத்து, ஒருமுறை சோதித்தும் பார்க்க வேண்டும். அலுவலகத்திலிருந்து ஆலைக்கோ கிடங்கிற்கோ செம்புக் கம்பி கேபிள் இழுத்திருந்தால் மின்னல் அந்த வழியாகவும் வரும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் கேபிள் போட்டால் அந்த வழி அடைபடும்.

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது

மெய்நிகர் கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது ஸ்னாப்ஷாட். மென்பொருளைப் புதுப்பிக்குமுன் எடுத்து வைத்தால், தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது அதே பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டி போனால் அதுவும் போகும். நாள் ஆக ஆக அது வளர்ந்து இடத்தையும் விழுங்கும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேர் தரும் அறிவுரை.

இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும் வசதியிலும் கவனம் தேவை. 10 டெராபைட் பெட்டியிலிருந்து மொத்தம் 15 டெராபைட் வரை ஒதுக்கிக் கொடுக்கலாம். எல்லாரும் முழுவதையும் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். பெட்டி நிரம்பிவிட்டால் எழுத இடமின்றி மெய்நிகர் கணினிகள் உறைந்து நிற்கும். 80 விழுக்காடு நிரம்பியதும் எச்சரிக்கை வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியே போனால்?

2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து சாம்பலானது. அதே இடத்திலேயே பேக்கப் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில், பேக்கப் எடுக்கும் நிரலில் ஏற்பட்ட பிழையால் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம்பறி மென்பொருள், இணையத்தில் நேரடியாகத் திறந்திருந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

மிகப் பெரிய பாடம் தென்கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி டேஜான் நகரில் உள்ள அரசாங்கத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பரவியது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியில் பேக்கப் இருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் உள்ள ஒரு நாட்டின் அரசுக்கே இந்த நிலை.

ஒரே பிரதி என்றால் என்ன என்று தமிழருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் போயின.

இதற்கான விதி எளிது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய இந்த விதி 3-2-1 என்று அழைக்கப்படுகிறது. நெட்வொர்க்கோடு இணைக்காத பிரதி ஒன்றும் இருந்தால் பணம்பறி மென்பொருள் அதைத் தொட முடியாது. பகாவில் அலுவலகம் என்றால் ஒரு பிரதி சிரம்பானில் இருக்கட்டும்.

விஎம்வேர் மாற்றமும் சேமிப்பகமும்

மெய்நிகர் கணினி மென்பொருளில் நெடுங்காலம் முன்னணியில் இருந்த விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் என்ற உரிம விற்பனை நின்று, சந்தா முறை வந்தது. செலவு ஏறியதால் பலர் புரோக்ஸ்மாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாறுகிறார்கள்.

மாறும்போது சேமிப்புப் பெட்டியையும் யோசிக்க வேண்டும். விஎம்வேரில் பல சர்வர்கள் ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொண்டு, ஸ்னாப்ஷாட்டும் எளிதாக எடுத்தன. புரோக்ஸ்மாக்ஸில் அதே வகைப் பகிர்வுப் பெட்டியில் ஸ்னாப்ஷாட் வசதி நெடுநாள் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த 9-ஆம் பதிப்பில்தான் அது முன்னோட்டமாக வந்தது. செஃப் என்ற முறையில் தனிப் பெட்டியே தேவையில்லை. சர்வர்களின் டிஸ்க்குகளே ஒன்றாக இயங்கும். ஆனால் குறைந்தது மூன்று சர்வர்களும் வேகமான நெட்வொர்க்கும் வேண்டும். வழக்கமாக ஒவ்வொரு தரவையும் மூன்று முறை எழுதுவதால், 30 டெராபைட் டிஸ்க் போட்டால் கிடைப்பது 10 டெராபைட்தான்.

யாருக்கு எது?

இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகள் மட்டுமே உள்ள சிறிய அலுவலகத்துக்குத் தனிப் பெட்டி அநாவசியம். சர்வருக்குள்ளேயே ஒன்றின் பிரதியாக இன்னொன்று இயங்கும் இரண்டு தரமான எஸ்எஸ்டிகளும், பேக்கப்புக்கு ஒரு சிறு நாஸ் பெட்டியும், வெளியிடத்தில் ஒரு பிரதியும் போதும். இரண்டு சர்வர்கள் உள்ள இடத்தில் இரட்டைக் கட்டுப்பாட்டகம் கொண்ட பெட்டி பொருத்தம். ஒன்று நின்றாலும் மற்றது தொடரும். மூன்றும் அதற்கு மேலும் சர்வர்கள் இருந்தால் செஃப் முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை

1. டிஸ்க் பழுதானால் மாற்று டிஸ்க் எத்தனை மணி நேரத்தில் வரும்? அந்தச் சேவை நம் ஊருக்கு உண்டா? சிரம்பானுக்கு உண்டு என்பதால் பகாவுக்கும் உண்டு என்று ஆகிவிடாது. எழுத்தில் வாங்குங்கள்.

2. உத்தரவாதக் காலம் முடிந்த பின் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? எத்தனை ஆண்டு வரை உதிரிப்பாகம் கிடைக்கும்?

3. வேறு நிறுவனத்தின் டிஸ்க்கைப் போட்டால் பெட்டி ஏற்குமா?

4. மென்பொருள் புதுப்பிப்பு யார் பொறுப்பு? புதுப்பிக்கும்போது பெட்டியை நிறுத்த வேண்டுமா?

5. பழுதான டிஸ்க்கைத் திருப்பி எடுத்துச் செல்வார்களா? அதில் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் இருக்கும். டிஸ்க்கில் குறியாக்கம் செய்திருப்பது நல்லது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி, தரவுக் கசிவை ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது.

6. பேக்கப்பிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியை மீட்டு எழுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? நம் கண் முன்னே செய்து காட்டுவார்களா?

இந்த ஆறாவது கேள்விதான் முக்கியம். பேக்கப் தினமும் ஓடுகிறது என்ற பச்சை விளக்கு, அது மீளும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளக் கணினியை வேறொரு சர்வரில் மீட்டு, கடந்த மாதக் கணக்கைத் திறந்து பாருங்கள். அந்தக் கணக்கு திறந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று பொருள்.