தாத்தாக்கள் ஓட்டி வந்த போர்க்கப்பல்

2001 ஜனவரி 10. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது (கைபேசி இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்). அன்று அந்தத் துறைமுகத்துக்குள் ஒரு பழைய போர்க்கப்பல் மெதுவாக நுழைந்தது. கரையில் பெரிய கூட்டம். கப்பலுக்கு வயது 58. அதை ஓட்டி வந்த மாலுமிகளின் சராசரி வயது 72!

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் கிளம்பி, மத்தியதரைக் கடலைத் தாண்டி, டிசம்பர் மாதத்து அட்லாண்டிக் கடலையும் தாண்டி, சுமார் 6,500 மைல் வந்திருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. சொந்தச் செலவில் கிரீஸுக்குப் போய், சொந்தக் கையால் கப்பலைப் பழுது பார்த்து, தாங்களே ஓட்டியும் வந்துவிட்டார்கள். பேரன் பேத்திகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வயதில் இப்படி ஒரு வேலை!

கப்பலின் பெயர் எல்.எஸ்.டி. 325. எல்.எஸ்.டி. என்றதும் சிலருக்கு போதை மருந்து ஞாபகம் வரலாம். இது வேறு. 'லேண்டிங் ஷிப், டேங்க்' என்பதன் சுருக்கம். டாங்கிகளைக் கொண்டுபோய் எதிரியின் கடற்கரையில் இறக்குகிற கப்பல். இந்த வகைக் கப்பல்களுக்குப் போர்க்காலத்தில் பெயரே வைக்கவில்லை, வெறும் எண் மட்டும்தான். ஆயிரத்துக்கும் மேல் கட்டினால் பெயருக்கு எங்கே போவது?

1940ல் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பித்து வந்தபோது ஆட்களைக் காப்பாற்ற முடிந்தது. டாங்கிகளையும் லாரிகளையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. திரும்ப ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டுமானால் டாங்கிகளைத் துறைமுகம் இல்லாத இடத்திலும் இறக்கியாக வேண்டும். துறைமுகங்கள் எல்லாம் ஜெர்மனியின் கையில் அல்லவா இருந்தன? இதற்கு ஒரு கப்பல் வேண்டும் என்று சர்ச்சில் பிடிவாதமாக இருந்தார். பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. 1941 நவம்பரில் ஜான் நீடர்மேயர் என்ற அமெரிக்கக் கப்பல் வடிவமைப்பாளர் முதல் வரைபடத்தைப் போட்டார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெருங்கடலைத் தாண்டுகிற கப்பல் தண்ணீருக்குள் ஆழமாக அமிழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அலையில் கவிழ்ந்துவிடும். கரையில் ஏறி நிற்கிற கப்பலோ ஆழமே இல்லாமல் மிதக்க வேண்டும். இரண்டும் ஒரே கப்பலில் எப்படி? நீடர்மேயர் நீர்மூழ்கிக் கப்பலின் தந்திரத்தை இதில் புகுத்தினார். கப்பலின் அடியில் பெரிய தொட்டிகள். நடுக்கடலில் அவற்றில் தண்ணீரை நிரப்பினால் கப்பல் ஆழமாக அமிழும். கரையை நெருங்கும்போது தண்ணீரை வெளியேற்றினால் மேலே எழும்பும். தட்டையான அடிப்பாகம் மணலில் போய் உட்காரும், முன்பக்கத்து இரட்டைக் கதவு திறக்கும், சாய்வுப் பலகை இறங்கும், டாங்கிகள் நேராகக் கரைக்கு ஓடும். திரும்ப வருவது எப்படி? கரைக்கு வரும் வழியிலேயே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு வருவார்கள். வேலை முடிந்ததும் அந்தச் சங்கிலியையோ வடத்தையோ இழுத்துக்கொண்டு கப்பல் பின்னால் நகரும். எளிமையான யோசனைதான், ஆனால் போரையே மாற்றியது.

328 அடி நீளம், 50 அடி அகலம். வேகம் என்று பார்த்தால் பரிதாபம்தான். அதில் வேலை செய்த மாலுமிகளே எல்.எஸ்.டி. என்பதற்கு 'பெரிய, மெதுவான இலக்கு' என்று வேறு விரிவாக்கம் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். எதிரிக்குச் சுடுவதற்கு வசதியானது என்று அர்த்தம்!

325ம் எண் கப்பல் பிலடெல்பியாவில் கட்டப்பட்டு 1943 பிப்ரவரி 1ல் பணியில் சேர்ந்தது. அந்த வருடமே சிசிலி, பிறகு இத்தாலியின் சலர்னோ. 1944ல் நார்மண்டி. தரையிறக்கம் தொடங்கிய மறுநாள், ஜூன் 7ல், ஒமாஹா கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. ஜூன் 12ல் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. கடல் உள்வாங்கிவிட்டது, கப்பல் மணலில் தரைதட்டி நிற்கிறது. எப்போதும் தண்ணீருக்குள் மறைந்திருக்கிற சுக்கான், விசிறி எல்லாம் வெளியே தெரிகின்றன. ஏதோ குழந்தை விளையாடிவிட்டு மறந்துபோன பொம்மை மாதிரி இருக்கும். அடுத்த அலையேற்றம் வரும்வரை அப்படியே காத்திருந்து கிளம்ப வேண்டியதுதான். இப்படி இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1945 வசந்த காலம் வரை 40 தடவைக்கு மேல் போய் வந்தது. போகும்போது வண்டிகளும் ஆட்களும். திரும்பும்போது காயம்பட்டவர்கள்.

1944 டிசம்பர் 28ல் எம்பயர் ஜாவலின் என்ற துருப்புக் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியது. எல்.எஸ்.டி. 325 அருகே போய் சுமார் 700 பேரைக் காப்பாற்றியது. யுத்த வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். விமானந்தாங்கிகளுக்கும் பெரும் பீரங்கிக் கப்பல்களுக்கும்தான் அத்தியாயங்கள். சுமை தூக்குகிறவனை யார் படம் பிடிப்பார்கள்?

போர் முடிந்து 1946ல் ஓய்வு. 1950களில் மறுபடி கூப்பிட்டு, கிரீன்லாந்து, கிழக்குக் கனடா பக்கம் ரேடார் நிலையங்கள் கட்டுவதற்குச் சாமான் ஏற்றும் வேலை. 1964ல் கிரீஸ் நாட்டுக் கடற்படைக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே 'சிரோஸ்' என்று ஒரு தீவின் பெயர் கிடைத்தது. தீவுகள் நிறைந்த நாட்டுக்குத் துறைமுகம் தேவைப்படாத கப்பல் எவ்வளவு உபயோகம்! 1999 கடைசி வரை உழைத்தது. மற்ற எல்.எஸ்.டி.க்கள் பெரும்பாலும் அதற்குள் பழைய இரும்பாகிவிட்டன. ஒரு கணக்கர் கண்ணோடு பார்த்தால் இந்தக் கப்பலின் புத்தக மதிப்பு என்றைக்கோ பூஜ்யம். இருப்பது எடைக்குப் போட்டால் கிடைக்கிற விலை மட்டும்.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் பழைய எல்.எஸ்.டி. மாலுமிகள் வந்தார்கள். ஒரு கப்பலாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 2000 கோடைக்காலத்தில் கிரீட் தீவின் சூடா விரிகுடாவுக்குப் போய் இறங்கினார்கள். பெரும்பாலோர் இரண்டாம் உலகப்போரிலோ கொரியப் போர்க் காலத்திலோ பணியாற்றியவர்கள். தலைவர் ராபர்ட் ஜோர்ன்லின், முன்னாள் கடற்படை அதிகாரி, பிறகு இல்லினாய் மாநிலத்தில் விவசாயம் பார்த்தவர். துருப்பிடித்த கப்பல், கடும் வெயில், வாரக்கணக்காகப் பழுது வேலை. வந்தவர்கள் எல்லோரும் கடைசி வரை தாக்குப்பிடிக்கவில்லை, நிறையப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியது முப்பது பேருக்கும் குறைவு. போர்க்காலத்தில் இதே கப்பலை ஓட்ட நூறு பேருக்கு மேல் இருந்தார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருளை பிரிட்டிஷ் பெட்ரோலியம் நன்கொடையாகக் கொடுத்தது.

நவம்பர் 14ல் கிளம்பி ஜிப்ரால்டர் வந்தார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை, குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டாம் என்று அறிவுரை சொன்னது. நியாயமாகப் பார்த்தால் அதிகாரிகள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தட்டை அடிப்பாகம் கொண்ட கிழட்டுக் கப்பல், இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிற வயதில் மாலுமிகள். நடுக்கடலில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் இன்று இதை ஒரு சாகசக் கதையாக யாரும் சொல்ல மாட்டார்கள், முட்டாள்தனம் என்றுதான் சொல்வார்கள். டிசம்பர் 12ல் கிளம்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் நடுக்கடலில். 29ம் நாள் மொபைல்.

அவர்களால் முடிந்ததற்குக் காரணம் வீரம் மட்டும் இல்லை. இரைச்சலைக் கேட்டே எஞ்சினில் எங்கே கோளாறு என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். இருட்டில் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். இருபது வயதில் கற்றது ஐம்பது வருடம் கழித்தும் விரலில் இருந்திருக்கிறது. அதே காலத்தில் கிரீஸிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பிய இன்னொரு போர்க்காலக் கப்பல் ஸ்லேட்டர். 1993ல் அதை இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள். இப்போது நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் அதுவும் தொண்டர்களின் கைவண்ணத்தில் அருமையான அருங்காட்சியகமாக நிற்கிறது. 325 தன் எஞ்சினிலேயே வந்தது, இன்னும் ஓடுகிறது. வித்தியாசம் அதுதான்.

சரி, கப்பல் வந்துவிட்டது. கதை முடிந்ததா? உண்மையில் கஷ்டமான பகுதி இனிமேல்தான். இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் துரு. துருவை ஒரு முனையில் சுரண்டி வண்ணம் பூசி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆரம்பித்த இடத்தில் மறுபடி துரு வந்துவிடும். சில வருடங்களுக்கு ஒரு தடவை கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும், அதுதான் பெரிய செலவு. காப்பீடு, டீசல், மின்சாரம் எல்லாம் தனி.

நம் நாட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1971 போரில் வங்கக் கடலில் நின்ற விக்ராந்த் 1997ல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, பாதுகாப்பில்லை என்று 2012ல் மூடப்பட்டது. 2014ல் சுமார் 60 கோடிக்கு ஏலம் போய் உடைக்கப்பட்டது. அந்த இரும்பில் கொஞ்சம் 2016ல் பைக்காக வந்ததைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். விக்ராந்த் 325ஐவிடப் பல மடங்கு பெரியது, அதைக் காப்பாற்றுவது தொண்டர்களால் மட்டும் ஆகிற காரியமில்லை என்பதும் உண்மை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

325க்கு வாய்த்த அதிர்ஷ்டம் எவான்ஸ்வில். இண்டியானா மாநிலத்தில் ஒஹையோ நதிக்கரையில் இருக்கும் ஊர். கடல் எங்கோ இருக்கிறது. ஆனால் போர்க்காலத்தில் இந்த உள்நாட்டு ஊரின் கப்பல் பட்டறையில் 167 எல்.எஸ்.டி.க்கள் கட்டப்பட்டன. கப்பலைப் பக்கவாட்டில் நதிக்குள் சரித்து இறக்குவார்கள், பிறகு மிசிசிப்பி வழியாகக் கடலுக்குப் போகும். வெல்டிங் செய்தவர்களில் பெண்களும் நிறைய. எனவே 2003ல் 325 நதி வழியாக அங்கே வந்து சில நாட்கள் நின்றபோது ஊரே திரண்டு வந்தது. தன் அம்மாவோ பாட்டியோ பற்றவைத்த மாதிரியான தகட்டைத் தொட்டுப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? 2005ல் கப்பல் நிரந்தரமாக எவான்ஸ்வில்லுக்கே வந்துவிட்டது. 2020ல் நகரின் மையப் பகுதிக் கரைக்கு மாறியது.

வரவு எப்படி? நுழைவுச் சீட்டு, நினைவுப்பொருள் கடை, நன்கொடை. அதோடு வருடா வருடம் நதியில் பயணம் போய் வேறு ஊர்களில் நின்று மக்களைக் கப்பலுக்குள் விடுகிறார்கள், வருமானத்தில் அது முக்கியமான பங்கு. சம்பளம் வாங்குபவர்கள் மிகச் சிலர். சுற்றிக்காட்டுவது, சமைப்பது, வண்ணம் பூசுவது, எஞ்சின் ஓட்டுவது எல்லாம் தொண்டர்கள். வரவு செலவுக் கணக்கில் இந்த உழைப்புக்கு எந்தத் தலைப்பும் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கூலி போட்டால் ஒரே வருடத்தில் நிறுவனம் திவாலாகிவிடும்!

ஆனால் பணத்தைவிடப் பெரிய பற்றாக்குறை ஒன்று உண்டு. 1944ல் 18 வயதாக இருந்தவருக்கு இன்று நூறு வயது நெருங்கிவிட்டது. அட்லாண்டிக்கைத் தாண்டிய அந்தக் கூட்டத்திலும் பலர் இப்போது இல்லை. போரைப் பார்த்தவர் வந்து நின்று கதை சொல்கிற காலம் முடியப் போகிறது. புத்தகத்தில் எழுதி வைத்தால் போதாதா என்றால், கதைக்குப் போதும், எஞ்சினுக்குப் போதாது. 325ல் இருப்பவை இரண்டு ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் எஞ்சின்கள், ரயில் எஞ்சின்களிலும் ஓடிய அதே 567 வகை. இன்று இவற்றைப் புதிதாக யாரும் செய்வதில்லை. எப்படிக் கிளப்புவது, சூடானால் என்ன செய்வது என்பது ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்த்துக் கற்க வேண்டிய விஷயம்.

அதைத்தான் செய்துகொண்டும் இருக்கிறார்கள். போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்தவர்கள், கடற்படைக்கே போகாதவர்கள் எல்லாம் இப்போது தொண்டர்களாக இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற மெக்கானிக், ஆசிரியர், விடுமுறையில் வருகிற இளைஞர்கள். பயணத்தின்போது 1943ல் மாலுமிகள் படுத்த அதே அடுக்குக் கட்டிலில் படுத்து, அதே சமையலறையில் சமைத்துச் சாப்பிட்டு, முறை வைத்து எஞ்சின் அறைக்கு இறங்குகிறார்கள். கீழே இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. மேல்தளத்திலிருந்து மணி அடிக்கும், முள் திரும்பும். பழையவர் கையைக் காட்டுவார், புதியவர் வால்வைத் திறப்பார்.