தசை உருவாக்கத்தில் குறியீடற்ற ஆர்.என்.ஏ.: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விலங்கினங்களை முன்வைத்து

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே கரிசல் நிலம் விரிகிறது. தசை வலுவுக்காகவே பேணப்பட்ட இரு விலங்கினங்கள் இந்த வட்டாரத்துக்கு உரியவை. ஒன்று, பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட ராஜபாளையம் நாய். 2005-இல் இந்திய அஞ்சல் துறை உள்நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்குரியது. மற்றொன்று, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டக் கரிசலில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் வேம்பூர் ஆடு. வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட, உயரமான, கம்பளியற்ற செம்மறி இது.

இவற்றின் தசைத் தன்மைக்கு மரபுக் காரணம் தேடுவோர் புரதத்துக்குக் குறியீடு தரும் டி.என்.ஏ. பகுதிகளை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடக் கூடாது. புரதமாக மாறாமலேயே தசையின் போக்கைத் தீர்மானிக்கும் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். அந்தத் தேடலில் தசை எவ்வளவு பருத்தது என்பதைவிட, எவ்வகை இழைகளால் ஆனது என்ற கேள்வியே முந்தி நிற்க வேண்டும். இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரதம் மாறாமல் தசை மாறும் விதம்

தசை அளவு மீறி வளராமல் கட்டுப்படுத்தும் புரதம் மயோஸ்டாட்டின். இது 1997-இல் கண்டறியப்பட்டது. விப்பெட் என்னும் ஓட்ட நாயினத்தில் இந்தப் புரதத்துக்குரிய மரபணுவின் மூன்றாம் எக்ஸானில், அதாவது புரதக் குறியீட்டுப் பகுதியில், இரண்டு டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டனர். அந்த விடுபாட்டால் புரதம் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. இந்த மாற்றத்தை ஒரு பிரதியில் மட்டும் பெற்ற நாய் பந்தயத்தில் விரைந்து ஓடுகிறது. இரு பிரதிகளிலும் பெற்றதோ மிதமிஞ்சிப் பருத்துவிடுகிறது. புரதப் பகுதியை வாசித்தாலே பிடிபட்டுவிடும் வகை இது.

நெதர்லாந்தின் டெக்சல் செம்மறியின் கதை வேறு. அதன் பின்தொடை பருத்திருக்கிறது. ஆனால் மயோஸ்டாட்டின் புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் மிஷேல் ஜார்ஜ் தலைமையிலான குழு 2006-இல் இதற்கு விடை கண்டது. மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.யில், புரதக் குறியீடு முடிந்த பிறகு வரும் வாலில், ஒரு குவானின் அடினினாக மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்தால் மிர்-1, மிர்-206 என்னும் இரு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் வந்து பற்றிக்கொள்ள அங்கே புதிதாக ஓர் இடம் உண்டானது. இவ்விரண்டும் தசையில் மிகுதியாக இருப்பவை; தாம் பற்றிய தூது ஆர்.என்.ஏ.யிலிருந்து புரதம் உருவாவதைத் தடுப்பவை. ஆகவே தசையில் மயோஸ்டாட்டின் உற்பத்தி குறைந்தது, தசை பெருத்தது.

அமெரிக்காவின் காலிபைஜ் செம்மறி இன்னும் வியப்பானது. டி.எல்.கே.1 என்னும் மரபணுவுக்கும் மெக்3 என்னும் குறியீடற்ற ஆர்.என்.ஏ. மரபணுவுக்கும் இடைப்பட்ட வெளியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதைத் தந்தை வழியில் மட்டும் பெற்ற குட்டிக்கே பின்னுடல் பருக்கிறது. இருவழியிலும் பெற்ற குட்டி பருப்பதில்லை.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் ஒன்று தெளிவாகிறது. விப்பெட்டில் கண்ட விடுபாடு ராஜபாளையம் நாயில் உண்டா என்று மட்டும் சோதித்து, இல்லை என்று விடை வந்ததும் கோப்பை மூடுவது முறையான ஆய்வாகாது. அதே சோதனையை டெக்சல் ஆட்டில் செய்திருந்தாலும் இல்லை என்றே வந்திருக்கும்.

செல்லுக்குள் நடப்பது

1987-இல் மயோ-டி என்னும் ஒற்றை மரபணுவை இணைப்புத்திசுச் செல்லுக்குள் செலுத்தியபோது அது தசைச் செல்லாக மாறியது. தசையின் தொடக்கக் கட்டளை ஒரு புரதத்திடம் இருப்பதை அச்சோதனை காட்டியது. அக்கட்டளை எப்போது, எவ்வளவு நிறைவேற வேண்டும் என்பதைச் சீர்செய்வதில் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களுக்குப் பெரும் பங்குண்டு.

வளர்ப்புத் தட்டில் இதைக் கண்ணாலேயே காணலாம். சீரம் நிறைந்த ஊடகத்தில் தசை முன்னோடிச் செல்கள் இருமுனையும் கூர்த்த சிறு வடிவங்களாகப் பெருகிக்கொண்டே இருக்கும். ஊடகத்தை மாற்றி, 2 விழுக்காடு குதிரைச் சீரம் மட்டும் கொடுத்தால் பெருக்கம் நிற்கும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, சில நாட்களில் சவ்வு கலந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட குழாய்களாகிவிடும். பெருக்கத்திலிருந்து முதிர்ச்சிக்குச் செல்லும் இத்திருப்பத்தில் மிர்-1, மிர்-133 இரண்டும் ஒரே மரபணுத் தொகுதியிலிருந்து சேர்ந்தே வெளிவருகின்றன. ஆனால் அவற்றின் வேலை எதிரெதிரானது. மிர்-1 முதிர்ச்சியைத் தடுக்கும் எச்.டி.ஏ.சி.4 புரதத்தை அடக்கி, செல்லை முதிரச் செய்கிறது. மிர்-133 எஸ்.ஆர்.எஃப். புரதத்தை அடக்கி, பெருக்கத்துக்குத் துணைபோகிறது. இது 2006-இல் வெளியான முடிவு.

நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களும் இதில் பங்கேற்கின்றன. ரோம் நகரில் ஐரீன் பொஸ்ஸோனி குழு 2011-இல் விவரித்த லிங்க்-எம்.டி.1 தன் உடலில் மிர்-133, மிர்-135 இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. அதனால் அவற்றின் பிடியிலிருந்து எம்.ஏ.எம்.எல்.1, எம்.இ.எஃப்.2சி ஆகிய முதிர்ச்சிப் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.க்கள் விடுபடுகின்றன. டுஷென் தசைச்சிதைவு நோயாளிகளின் தசைச் செல்களில் இந்த ஆர்.என்.ஏ. குறைந்திருப்பதையும் அக்குழு காட்டியது.

பருமனா, தாங்குதிறனா?

இறைச்சி ஆய்வுகள் பெரும்பாலும் பருமனையே நாடுகின்றன. கரிசலில் மேயும் ஆட்டுக்கு அது மட்டும் போதாது. அறுவடை முடிந்த காடுகளில் கிடை அமர்த்தி, ஊர்விட்டு ஊர் நடத்தி மேய்க்கப்படும் மந்தை அது. பருத்த தசைக்கு விலையும் உண்டு: இரட்டைத் தசை கொண்ட பெல்ஜியன் புளூ மாடுகளில் பெரும்பாலான கன்றுகளை அறுவை செய்தே எடுக்க வேண்டியிருக்கிறது, காலிபைஜ் ஆட்டின் இறைச்சியோ கடினமானது.

எலிகளில் எஃபா வான் ரோயி, எரிக் ஓல்சன் குழு 2009-இல் காட்டிய உண்மை நமக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. மிர்-208பி, மிர்-499 ஆகிய இரண்டும் மயோசின் மரபணுக்களுக்குள்ளேயே பொதிந்துள்ளன. அவற்றை நீக்கினால் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகள் குறைகின்றன. மிர்-499-ஐ மிகுதியாக்கினால் விரைவிழைகள் மெதுவிழைகளாக மாறி, எலி நெடுநேரம் ஓடுகிறது. நீண்ட தொலைவு நடக்கும் வேம்பூர் ஆட்டிலும், பாய்ந்து மடக்கும் ராஜபாளையம் நாயிலும் முதலில் அளக்க வேண்டியவை இவ்விரண்டும்தான்.

ஐயங்களும் வரம்புகளும்

தசையில் ஓர் ஆர்.என்.ஏ. மிகுந்திருப்பதாலேயே தசையை அதுதான் உருவாக்குகிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. மிர்-206 இல்லாத எலிகளில் தசை இயல்பாகவே வளர்ந்தது. நரம்பு துண்டிக்கப்பட்ட பிறகு தசையோடு அது மீண்டும் இணைவதில்தான் தாமதம் தெரிந்தது. குறியீடற்றது என்ற வகைப்பாடும் மாறக்கூடியது. அவ்வாறு கருதப்பட்ட ஓர் ஆர்.என்.ஏ., 46 அமினோ அமிலங்கள் கொண்ட மயோரெகுலின் என்னும் நுண்புரதத்தைத் தருவது 2015-இல் வெளிப்பட்டது. எனவே எந்த உரிமைகோரலும் மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும்: உரிய வளர்ச்சிப் பருவத்தில் அந்த ஆர்.என்.ஏ.யின் அளவு மாற வேண்டும். அதை நீக்கும்போது தசை மாற வேண்டும். அதன் இலக்கு இடத்தைச் சிதைத்தால் அம்மாற்றம் மறைய வேண்டும்.

இங்கே செய்யத்தக்கவை

செம்மறியின் தசை இழை எண்ணிக்கை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்தப் பருவத்தின் மாதிரியைக் கறிக்கடையில் பெற இயலாது. சினையாட்டை அறுப்பதை 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் தடைசெய்கின்றன, அத்தடை போற்றத்தக்கது. இதற்கு மாற்றுவழி உண்டு. வளர்ந்த ஆட்டின் தசையில் தங்கியிருக்கும் துணைச் செல்களைப் பிரித்து வளர்த்தால், முதிர்ச்சியின் பல படிகளைத் தட்டிலேயே மீளக் காணலாம். கறிக்கடைத் தசையை இழை வகை ஆய்வுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அறுத்த சில நிமிடங்களுக்குள் திரவ நைட்ரஜனில் உறையவைத்தாக வேண்டும். ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும் பொருள்; கொஞ்சம் தாமதித்தாலும் அளப்பது விலங்கின் இயல்பையா, சிதைவையா என்று பிரித்தறிய முடியாது.

நாய்களுக்கு, உரிமையாளர் ஒப்புதலும் விலங்கு நல நெறிக்குழு அனுமதியும் பெற்று, மயக்கமருந்து கொடுத்து, தொடைத் தசையிலிருந்து ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கு போதும். ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒப்பிடும்போது மரபு வேறுபாட்டையும் வளர்ப்பு வேறுபாட்டையும் ஓரளவு பிரித்தறியலாம். ஆடுகளில், எந்தப் பொலிகிடாவின் குட்டிகள் களைக்காமல் நடக்கின்றன என்று மந்தை மேய்க்கும் கீதாரிகளுக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்டுப் பதிவுசெய்து ஆர்.என்.ஏ. அளவோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் ஆய்வகத்தின் எண்கள் பொருளற்றவையாகிவிடும். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற அருகிலுள்ள நிறுவனங்கள் இப்பணிக்கு இயல்பான தாயகம்.

முடிவுரை

இவ்வினங்களின் உயரம், நிறம், எடை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது பாதுகாப்பின் முதற்படி மட்டுமே. உள்ளூர் இனம் அழிந்தால் நாம் இழப்பது அதன் புரதங்களை மட்டுமன்று. அப்புரதங்கள் எங்கே, எப்போது, எவ்வளவு வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து திருத்தப்பட்ட ஒழுங்குமுறையையும் சேர்த்தே இழக்கிறோம். பிற இனங்களின் மரபணுக்களால் அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே இனப் பாதுகாப்புத் திட்டம் ஒவ்வொன்றிலும் விந்து, கரு ஆகியவற்றோடு, உறையவைத்த தசைத் திசுவையும் துணைச் செல்களையும் சேமிப்பது கட்டாயமாக வேண்டும். பருமனை மட்டும் குறியாக்கும் கலப்பின வளர்ப்பு பரவுவதற்கு முன்பே அச்சேமிப்பு தொடங்கியாக வேண்டும்.