கார்ச் சாயப்பூச்சும் மெருகேற்றலும்

காரின் உலோக உடலைத் துருவிலிருந்து காக்கவும் அதற்கு நிறமும் பளபளப்பும் தரவும் அடுக்கடுக்காகப் பூசப்படும் உறையே சாயப்பூச்சு. காய்ந்த உறையை நுண்பொடியால் தேய்த்துச் சமப்படுத்துவது மெருகேற்றல். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், மஞ்சோங் மாவட்டத்தைச் சேர்ந்த ஆயர் தாவார் போன்ற ஊர்களில் இவ்வேலையின் ஆயுளைச் சாயத்தின் விலையைவிடக் காற்றின் ஈரமே அதிகம் தீர்மானிக்கிறது. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். லூமுட் பக்கம் புழங்கும் வண்டிகளுக்குக் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

தொடக்ககாலக் கார்களுக்கு வார்னிஷைத் தூரிகையால் பூசினார்கள்; பூசி, காய்ந்து, முடியப் பல வாரங்கள் பிடித்தன. 1923இல் ஜெனரல் மோட்டார்சின் ஓக்லாண்ட் கார்களில் டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் சாயம் வந்ததும் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. பட்டறைக்காரர்களுக்கு நெடுங்காலம் பிடித்திருந்த சாயம் அது. ஆனால் வெயிலில் மங்கும். மழை நாளில் அடித்தால் வெண்மை பூக்கும். சாயத்தை நீர்க்கவைக்கும் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, அதன்மேல் காற்றிலுள்ள நீர் படிகிறது என்பதே காரணம். இன்று அதன் இடத்தை, ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் ‘2கே’ வகைச் சாயம் பெரும்பாலும் பிடித்துவிட்டது. தொழிற்சாலையில் டயரும் பிளாஸ்டிக்கும் இல்லாத வெற்று உடலை 140 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்க முடியும். ஓடிக்கொண்டிருக்கும் காரை அப்படிச் சுட முடியாது. எனவே பட்டறைச் சாயம் வேதிவினையாலேயே இறுக வேண்டியிருக்கிறது. சூடேற்றும் அறை இருந்தாலும் 60 பாகை அளவே போதும்.

நீடிக்கும் பூச்சுக்கான வேலையில் பெரும்பங்கு ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எண்ணெய்ப் பசையையும் பழைய மெழுகையும் முதலில் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் அழுக்கு கீறல்களுக்குள் இறங்கி, பின்னால் சாயம் ஒட்டாமல் மீன்கண் போன்ற குழிகள் விழும். துருவை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பள்ளங்களை நிரப்பும் பட்டியை மெல்லிய அடுக்குகளாக இட்டு, 80 எண் தாளில் தொடங்கி 180, 320 என்று ஏறி, உலர்வாகவே தேய்க்க வேண்டும். இங்குதான் பல பட்டறைகள் தவறுகின்றன. தூசி பறக்காது என்பதற்காகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் பட்டி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்நீர் பிரைமர் எனும் அடிப்பூச்சுக்குக் கீழே சிறைப்பட்டு, சில மாதங்களில் சாயம் கொப்பளித்து எழும். வாடிக்கையாளர் சாயத்தைக் குறைசொல்வார். குறை சாயத்தில் இல்லை.

கம்ப்ரசர் அழுத்தும் காற்றிலிருந்தும் நீர் பிரியும். நீர்பிரிப்பானையும் தொட்டியையும் நாள்தோறும் வடிக்காவிட்டால் அது சாயத்தோடு சேர்ந்தே பீச்சும். உலோகத்தின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருப்பது நல்லது. ஆகையால் திறந்த பட்டறையில் விடியற்காலையும் மழைக்கு முந்திய மூடாப்பும் வேண்டாம். பனி உலர்ந்த முற்பகலே ஏற்றது. வெப்பத்துக்கு ஏற்ப மெதுவாக உலரும் தின்னரைச் சேர்க்க வேண்டும். விரைவுத் தின்னர் என்றால் துளிகள் பரவிச் சமமாவதற்குள் காய்ந்து, பரப்பு ஆரஞ்சுத் தோலாகிவிடும். கன்னைச் சுமார் 15 முதல் 20 செண்டிமீட்டர் தூரத்தில், பரப்புக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடுமாறு நகர்த்துவது முறை.

கிளியர் எனப்படும் மேலுறை பெரும்பாலும் 40 முதல் 60 மைக்ரான் தடிப்பே உடையது. மனிதத் தலைமயிரைவிட மெல்லியது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதில்தான் இருக்கிறது. முற்றிலும் இறுகியபின் 1500, 2000, 3000 எண் தாள்களை நீர் தொட்டுத் தேய்த்து, கம்பளித் திண்டில் காம்பவுண்டும் நுரைத் திண்டில் பாலிஷும் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் தேய்கிறது. ஆண்டுதோறும் காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பை மீட்பது உறையைக் கரைப்பதாகும். கூரையிலும் பானெட்டிலும் கிளியர் தோலாக உரிவதற்கு வெயிலோடு இதுவும் காரணம். கழுவி மெழுகிடுவது பாதுகாப்பு, காம்பவுண்ட் கடைசிச் சிகிச்சை. புதுச் சாயத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே மெழுகிட வேண்டும். பறவை எச்சத்தையும் மரப்பாலையும் அன்றன்றே கழுவிவிட வேண்டும்.

2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவியும் துளியும் நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே கடும் ஆஸ்துமா வரும். தொழிலையே விடவேண்டி நேரலாம். முகத்தில் கட்டிய கைக்குட்டையும் தூசி முகமூடியும் இதைத் தடுக்கா. வெளியிலிருந்து தூய காற்று தரும் முகமூடியே முழுப் பாதுகாப்பு. பட்டறையில் வேலை கற்கும் இளைஞருக்கு உரிமையாளர் முதலில் வாங்கித் தரவேண்டியது அதைத்தான்.

மலேசியாவில் காரின் நிறம் அதன் பதிவு விவரங்களுள் ஒன்று. வேறு நிறம் அடிக்க விரும்புவோர் சாலைப் போக்குவரத்துத் துறையில் அம்மாற்றத்தைப் பதிவுசெய்ய வேண்டும்.